பேனாவுக்கு முன்னால் நடந்த பென்சில்

1835 ஆகஸ்டில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் ஒரு விசித்திரமான வாதம் வைக்கப்பட்டது. ஐந்து வருடங்களுக்கு முன் வீதியில் ரத்தம் சிந்தி வாங்கிய சாசனம் இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லியிருந்தது. பிரெஞ்சுக் குடிமக்கள் தங்கள் கருத்தை அச்சிட்டு வெளியிடலாம். தணிக்கை இனி ஒருபோதும் திரும்பி வராது. இப்போது அரசாங்கத்துக்குத் தணிக்கை தேவைப்பட்டது. சாசனத்தை மீறியதாகவும் இருக்கக்கூடாது. நீதி அமைச்சர் பெர்சீல் தரப்பு ஒரு வழி கண்டுபிடித்தது. எழுத்து என்பது கருத்து; ஆகவே அதற்குப் பாதுகாப்பு உண்டு. படம் கண்ணோடு பேசுகிறது, பார்த்தவனைக் கிளப்பிவிடுகிறது. ஆகவே அது செயல். செயலுக்குச் சாசனம் எதற்குப் பாதுகாப்புத் தர வேண்டும்?

வாதம் எடுபட்டது. செப்டம்பர் 9ஆம் தேதி சட்டம் வந்தது. அதன்படி, எழுதுகிறவன் எழுதிய பிறகு வழக்கைச் சந்தித்தால் போதும். வரைகிறவன் வரைந்ததை முதலில் அதிகாரியிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். ஓவியனின் கோட்டுக்கு எழுத்தாளனின் வாக்கியத்தைவிட அதிக பலம் உண்டு என்று ஓர் அரசாங்கமே சட்டப் புத்தகத்தில் எழுதிவைத்த சந்தர்ப்பம் அது. வரைகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்திருக்காது. பாராட்டின் விலைதான் அதிகம்: அந்தச் சட்டம் பலருடைய பிழைப்பைக் கெடுத்தது. அவர்களில் ஒருவர் பிழைப்பைத் தேடிப் புத்தகங்களுக்குள் போனார். அவர் பெயர் ஜான் இஞாஸ் இஸிதோர் ஜெரார். உலகம் அறிந்த பெயர் கிரான்வில்.

அந்தப் பெயர் மேடையிலிருந்து வந்தது. 1803இல் நான்சி நகரத்தில் அவர் பிறந்தபோது குடும்பத்தில் நாடகத்தின் நினைவு இன்னும் சூடாக இருந்தது. தாத்தாவும் பாட்டியும் நடிகர்கள். கிரான்வில் என்பது அவர்கள் மேடைக்கு வைத்துக்கொண்ட பெயர். அப்பா உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் சின்ன உருவப்படங்கள் தீட்டிப் பிழைத்தவர். முகத்தை உற்றுப் பார்க்கும் பழக்கம் அப்பாவிடமிருந்தும், அதற்கு வேஷம் கட்டிப் பார்க்கும் பழக்கம் தாத்தாவிடமிருந்தும் வந்தது என்று சொன்னால் ரொம்ப வசதியான விளக்கமாகத்தான் தோன்றும். ஆனால் அவர் படங்களைப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள்.

இருபது வயதைத் தாண்டிய கொஞ்ச நாளில் பாரிசுக்கு வந்தார். கல்லச்சு அப்போது புதுத் தொழில். கல்லின் மேல் கொழுப்பு மசியால் நேரடியாக வரைந்தால் அப்படியே பிரதி எடுக்கலாம். நடுவில் செதுக்குகிறவன் கிடையாது, வேகமும் அதிகம். 1829இல் அவருடைய 'இன்றைய உருமாற்றங்கள்' என்ற வண்ணக் கல்லச்சு வரிசை அவரை ஒரே வீச்சில் பிரபலமாக்கியது. யோசனை எளிமையானது: மனித உடல், பாரிஸ் தையற்காரன் தைத்த உடை, அதன் மேல் ஒரு மிருகத்தின் தலை. மேல்சட்டையின் மடிப்பும் கையின் பாவமும் நிற்கும் தோரணையும் மனிதனுடையவை. அந்த மனிதன் உள்ளுக்குள் யார் என்பதைத் தலை மட்டும் சொல்லிவிடும்.

இந்திய வாசகருக்கு இது உடனே அதிர்ச்சி தராது. யானைத் தலையும் சிங்கத் தலையும் குதிரைத் தலையும் கொண்ட உருவங்களை நாம் கும்பிட்டே பழகியவர்கள். மிருகத் தலை இங்கே தெய்வத்தின் அடையாளம். கிரான்வில்லின் பாரிசில் அது அவமானத்தின் அடையாளம். மனிதனைத் தூக்கி நிறுத்த நாம் பயன்படுத்திய உத்தியைத்தான் அவர் மனிதனைக் கீழே இறக்கப் பயன்படுத்தினார். பிற்பாடு ஒரு வரைபடத்தில் இதை வெளிப்படையாகவே செய்தும் காட்டினார். தவளை முகம் படிப்படியாக அழகிய அப்போலோ தேவனின் முகமாக உயர்வதாக முகச் சாஸ்திரக்காரர்கள் வரைந்து வைத்திருந்தார்கள். அவர் அதைத் திருப்பிப் போட்டு, அப்போலோவைப் படிப்படியாகத் தவளையாக்கினார்.

1830 ஜூலையில் புரட்சி நடந்தது. பழைய அரசர் ஓடினார். லூயி ஃபிலிப் 'குடிமக்களின் அரசர்' என்று வந்து உட்கார்ந்தார். அந்த நவம்பரிலேயே ஷார்ல் ஃபிலிப்போன் 'லா கரிக்கத்யூர்' வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். கிரான்வில், தோமியே இருவரும் அதில் வரைந்தார்கள். அரசரின் முகம் மெல்ல மெல்லப் பேரிக்காயாக மாறுவதை ஃபிலிப்போன் நீதிமன்றத்திலேயே வரைந்து காட்டியதும், அரசரைப் பெருந்தீனிக்காரனாக வரைந்ததற்காக தோமியேவுக்கு 1832இல் ஆறு மாதச் சிறை கிடைத்ததும் பலருக்கும் தெரிந்த கதை. கிரான்வில்லின் பங்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1831 செப்டம்பரில் ரஷ்யப் படை வார்சாவின் எழுச்சியை நசுக்கியது. வார்சாவில் அமைதி நிலவுகிறது என்ற ரீதியில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் செபாஸ்தியானி அறிவித்தார். கிரான்வில் அந்த வாசகத்தையே தலைப்பாக எடுத்துக்கொண்டார். பிணங்களுக்கு நடுவே ஒரு ரஷ்யச் சிப்பாய் சாவகாசமாகப் புகைபிடித்துக்கொண்டு நிற்கிறான். அதோடு நிறுத்தியிருந்தால் வேற்று நாட்டுக் கொடுமையைக் கண்டித்த படமாகப் போயிருக்கும். அவர் ஜோடியாக இன்னொன்று வரைந்தார்: பாரிசிலும் அமைதி நிலவுகிறது. இதில் நிற்பவன் பாரிஸ் போலீஸ்காரன். கத்தியில் இருப்பதைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

போலீஸ் அவர் வீட்டைத் தேடி வந்தது. அவர் பதிலும் படமாகவே இருந்தது: ஓவியனை மொய்க்கும் ஈக்கள். பிரெஞ்சில் ஈக்கான சொல்லைப் போலீஸ் உளவாளிக்கும் சொல்வார்கள். தமிழில் மொழிபெயர்த்தால் சிலேடை செத்துப்போகும்; படம் சாகாது. 1832 ஜனவரியில் தணிக்கை என்ற பிணம் கல்லறையிலிருந்து உயிர்த்தெழுவதாக ஒரு படம் வரைந்தார். மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்த கதையைத் தலைகீழாக்கிய கேலி அது. மூன்றரை வருடத்தில் கேலி நிஜமானது.

1835 ஜூலை 28ஆம் தேதி பல துப்பாக்கிக் குழாய்களை ஒன்றாகக் கட்டிய எந்திரம் ஒன்றால் ஃபியெஸ்கி என்பவன் அரசரைச் சுட்டான். அரசர் தப்பினார், கூட்டத்தில் பதினெட்டுப் பேர் செத்தார்கள். சுட்டவன் கார்ட்டூனிஸ்ட் இல்லை. ஆனால் எப்போதும் போல் அரசாங்கம் துப்பாக்கியையும் பென்சிலையும் ஒரே கணக்கில் சேர்த்துக்கொண்டது. 'லா கரிக்கத்யூர்' புதிய சட்டம் வருவதற்கு முன்பே கடையை மூடியது. தோமியே வழக்கறிஞர்களையும் வீட்டுக்காரர்களையும் வரையப் போனார். கிரான்வில் புத்தகத்துக்குப் போனார்.

போன நேரம் நல்ல நேரம். புத்தகத்தில் படம் போடுவதே அந்த வருடங்களில்தான் மாறிக்கொண்டிருந்தது. அதுவரை செப்புத் தகட்டுப் படங்களைத் தனியாக அச்சடித்து நடுவே ஒட்ட வேண்டும். இப்போது பாக்ஸ் மரத்தை நீளவாக்கில் அறுக்காமல் குறுக்காக அறுத்து, அந்த இறுகிய முகத்தில் நுண்ணிய கருவியால் செதுக்கினார்கள். அந்த பிளாக்கை அச்சு எழுத்துக்களோடு சேர்த்தே ஃபாரத்தில் பூட்டலாம். ஒரே மசி, ஒரே அழுத்தம். படம் பத்திகளுக்கு நடுவே வந்து உட்காரலாம், வாக்கியத்தின் முதல் எழுத்தைச் சுற்றிக்கொள்ளலாம், பக்கத்தின் ஓரத்தில் தொங்கலாம். 1835இல் ஜான் ஜிகூ படம் வரைந்த 'ஜில் பிளாஸ்' நாவல் அறுநூறு அளவில் படங்களோடு வந்து விற்றது. பதிப்பாளர்கள் கண் விழித்தார்கள். புத்தகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வாராவாரம் சில்லறைக் காசுக்கு விற்றார்கள். வீதிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய படத்தைப் பார்த்துத்தான் வாசகன் உள்ளே வந்தான்.

இதில் கிரான்வில்லுக்கு ஒரு நஷ்டமும் இருந்தது. கல்லச்சில் அவர் கோடு அவருடையது. மரத்தில் அவர் வரைந்ததை இன்னொருவர் செதுக்க வேண்டும். எது கறுப்பு, எது வெள்ளை, நிழலை எத்தனை கோடாக உடைப்பது என்பதையெல்லாம் முடிவு செய்வது செதுக்குகிறவர் கை. அந்தக் காலப் படங்களின் கீழ் மூலையில் பெரும்பாலும் இரண்டு கையெழுத்து இருக்கும்: ஒன்று வரைந்தவருடையது, மற்றது செதுக்கியவருடையது. மொழிபெயர்த்துப் பிழைக்கிறவர்கள் அந்த இரண்டாவது கையெழுத்தைக் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்க்க வேண்டும். முதல் பக்கத்தில்கூடத் தன் பெயரைக் காணாத மொழிபெயர்ப்பாளர்கள் உண்டு. அந்த மரச்செதுக்குக்காரருக்கோ ஒவ்வொரு படத்திலும் இடம் இருந்தது.

1838இல் லா ஃபோன்தேனின் நீதிக்கதைகள் வந்தன. ஃபூர்னியே பதிப்பு. அடுத்த சில வருடங்களில் படங்கள் கூடி இருநூறைத் தாண்டின. இன்றும் பிரெஞ்சுக் குழந்தைகள் பார்க்கும் பதிப்புகளில் ஒன்று அது.

இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது நாம் கொஞ்சம் உரிமையோடு பேசலாம். லா ஃபோன்தேன் தம் முதல் ஆறு பாகங்களை 1668இல் வெளியிட்டபோது அவருக்கு ஈசாப் கை கொடுத்தார். 1678இல் அடுத்த தொகுதி வந்தபோது முன்னுரையில் அவரே ஒப்புக்கொண்டார்: இவற்றில் பெரும்பகுதிக்கு இந்திய ஞானி பில்பாய்க்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று. பில்பாய் என்றால் பஞ்சதந்திரம். சமஸ்கிருதத்திலிருந்து ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்தின் பழைய பஹ்லவிக்கும், எட்டாம் நூற்றாண்டில் அரபுக்கும், பிறகு புதிய பாரசீகத்துக்கும் போய், 1644இல் பாரிசில் பிரெஞ்சுப் புத்தகமாக இறங்கிய கதைகள் அவை. இரண்டு பறவைகள் குச்சியின் இரு முனைகளைக் கவ்வி ஆமையைத் தூக்கிப் போகிற கதையும், ஆமை வாயைத் திறந்து கீழே விழுகிற கதையும் அப்படிப் போனவைதான். வழியில் அன்னங்கள் வாத்துகளாயின. ஆமை ஆமையாகவே இருந்தது. இதே கதைகளுக்குத் தெற்கிலிருந்து இன்னொரு பாதையும் இருந்தது. மைசூர்ப் பக்கம் நெடுநாள் இருந்துவிட்டுத் திரும்பிய பாதிரியார் துபுவா, தமிழ், தெலுங்கு, கன்னடப் பிரதிகளை வைத்துப் பஞ்சதந்திரத்தைப் பிரெஞ்சில் 1826இல் பாரிசில் வெளியிட்டார். அதே 1826இல்தான் சென்னையில் தாண்டவராய முதலியாரின் தமிழ்ப் பஞ்சதந்திரம் அச்சேறியது. அவர் எடுத்தது மராத்தியிலிருந்து.

அரசனிடம் நேராகச் சொல்ல முடியாததை நரியின் வாயில் வைத்துச் சொல்வதற்காகவே பிறந்த கதைகள் இவை. அரசனை நேராக வரைவதற்குத் தடை விதிக்கப்பட்ட ஓவியன் கையில் அவை போய்ச் சேர்ந்ததைத் தற்செயல் என்று விட்டுவிட மனம் வரவில்லை. கிரான்வில்லின் சிங்கத்துக்கும் ஓநாய்க்கும் நரிக்கும் உடுப்பு உண்டு, பதவி உண்டு, ஜூலை முடியாட்சியின் பூர்ஷ்வா வயிறு உண்டு. வெட்டுக்கிளி இனத்துப் பாட்டுக்காரி கிட்டாரோடு எறும்பின் வாசலில் வந்து நிற்கும்போது, அவள் குளிரில் தெருவில் நிற்கும் பாரிஸ் பாடகி. எறும்பு, கதவைத் திறக்க மனமில்லாத வீட்டுக்காரி. தணிக்கை அதிகாரி இதில் எதைத் தடை செய்வார்? நூற்றைம்பது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்கிற கதையாயிற்றே.

கிட்டத்தட்ட இதே நாட்களில், 1837க்கும் 1839க்கும் இடையில், லாகூரில் இமாம் பக்ஷ் என்ற ஓவியரும் இதே லா ஃபோன்தேன் கதைகளுக்குப் படம் தீட்டிக்கொண்டிருந்தார். ரஞ்சித் சிங்கின் படையில் இருந்த பிரெஞ்சுத் தளபதி அலார் வழியாக, பிரெஞ்சுப் பிரபு ஒருவரின் சேகரிப்புக்காக வந்த வேலை. அந்த ஓவியங்கள் இன்று லா ஃபோன்தேன் பிறந்த ஊரான ஷாத்தோ தியெரியில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. லாகூர்க்காரரின் மிருகங்கள் உடுப்புப் போடவில்லை. பஞ்சாபின் மரங்களுக்கும் கட்டடங்களுக்கும் நடுவே அவை மிருகங்களாகவே நிற்கின்றன. பாரிஸ்காரர் மிருகத்துக்குள் மனிதனைத் தேடினார். லாகூர்க்காரருக்கு அப்படித் தேடத் தோன்றவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. கதை மட்டும் இரு பக்கமும் வாசல் தெரிந்த பழைய விருந்தாளி.

1838 முதல் 1842 வரை கிரான்வில்லின் உச்ச காலம். 'கலிவர்', 'ராபின்சன் குரூசோ' எல்லாம் வரிசையாக வந்தன. எட்ஸெல் என்ற இளம் பதிப்பாளர், பின்னாளில் ஜூல் வெர்னின் பதிப்பாளராக உலகப் புகழ் பெறப்போகிறவர், 'மிருகங்களின் அந்தரங்க வாழ்வும் பொதுவாழ்வும்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். மனிதனின் நுகத்தைத் தூக்கி எறிய மிருகங்கள் பொதுக்கூட்டம் போட்டு, முதல் நடவடிக்கையாக ஒரு புத்தகம் வெளியிட முடிவு செய்கின்றன. (புரட்சி என்றால் உடனே புத்தகம் போடத் தோன்றுவது பிரெஞ்சுக்காரர்களுக்கும் தமிழர்களுக்கும் பொதுவான வியாதி.) பால்ஸாக், ஜார்ஜ் சாந்த் எல்லாம் அதில் எழுதினார்கள். ஓர் ஆங்கிலப் பூனையின் காதல் துயரங்களை பால்ஸாக் எழுத, பூனைக்கு உருவம் கொடுத்தவர் கிரான்வில். ஆனாலும் வரிசை அதேதான்: எழுத்தாளர் எழுதுவார், ஓவியர் பின்னால் போவார். பால்ஸாக்காக இருந்தாலும் ராஜாவின் பின்னால் போகிறவனுக்கு முதுகுதான் தெரியும்.

இந்த வரிசையைத்தான் அவர் 1843-44இல் உடைக்கப் பார்த்தார். புத்தகத்தின் பெயர் 'வேறோர் உலகம்'. தொடக்கத்திலேயே பேனாவும் பென்சிலும் சண்டை போடுகின்றன. எத்தனை நாள் உன் பின்னால் வருவது, இனி நான் தனியாகப் பயணம் போகிறேன், நான் பார்த்துவிட்டு வந்து சொல்வதை எழுதி வை, போதும் என்கிறது பென்சில். நடந்ததும் அதுதான். கிரான்வில் படங்களை வரைந்தார். தக்ஸில் தெலோர் என்ற பத்திரிகைக்காரர் படங்களுக்குத் தகுந்தபடி எழுதினார். முகப்பில் கிரான்வில்லின் பெயர் மட்டும். எட்டு வருடத்துக்கு முன் சட்டம் சொன்னதை ஓவியர் இப்போது தம் தரப்பு வாதமாக எடுத்துக்கொண்டார்: படம் எழுத்தின் நிழல் இல்லையென்றால், எழுத்துக்கு முன்னால் ஏன் நடக்கக் கூடாது?

உள்ளே இருப்பவை இன்று பார்த்தாலும் மூச்சை நிறுத்துகின்றன. கிரகத்திலிருந்து கிரகத்துக்கு இரும்புப் பாலம். வழியெல்லாம் காஸ் விளக்குகள். சனியின் வளையம் வார்ப்பிரும்புக் கிராதி போட்ட ஒரு வட்டத் தாழ்வாரம். சனிவாசிகள் மாலையில் அங்கே வந்து காற்று வாங்குகிறார்கள். விதூஷகன் ஒருவன் கோள்களைப் பந்துகளாகத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறான். ஆட்கள் இல்லாமல் நீராவியே கச்சேரி செய்கிறது. சீட்டுக்கட்டில் இருக்கிற ராஜாவும் சிப்பாய்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிறார்கள். ஆலிஸின் அற்புத உலகம் 1865இல்தான் வந்தது. அதற்குப் படம் வரைந்த டென்னியல் கிரான்வில்லைப் பார்த்தவர் என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகமில்லை. கதை நாயகர்கள் மூன்று பேர்; அதில் ஒருவரின் பெயர் டாக்டர் பஃப். பஃப் என்றால் அந்நாள் பாரிசில் ஊதிப் பெருக்கிய விளம்பரம். கையில் காசில்லாமல் கடவுள் வேலையைத் தாங்களே எடுத்துக்கொண்டு, உலகத்தைப் புதிதாகச் செய்து விற்கப் புறப்படுகிறார்கள். இரும்பும் நீராவியும் விளம்பரமும் சேர்ந்து வானம் வரை கடைவிரிக்கப் போகிற நூற்றாண்டை ஒருவர் 1844லேயே பார்த்துவிட்டார். வால்டர் பெஞ்சமின் 1930களில் பாரிசைப் பற்றி எழுதும்போது, உலகக் கண்காட்சிகளோடு சேர்த்து கிரான்வில்லுக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கியது இதனால்தான்.

புத்தகம் விற்கவில்லை. படம் வழிநடத்த, கதை தள்ளாடி வருவதை வாசகர்களால் பின்தொடர முடியவில்லை. உண்மையைச் சொன்னால் தெலோரின் எழுத்து இன்று படிக்கவும் சிரமம்தான்; அடுத்தவன் கனவுக்கு வசனம் எழுதச் சொன்னால் யாரும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் அந்தத் தோல்வியில் வாசகர்களின் சோம்பலுக்கும் பங்கு உண்டு. மிருகத்தின் தலையை மனிதனுக்கு வைத்தபோது ரசித்தவர்கள், பிரபஞ்சத்தையே பிரித்து வேறு மாதிரி மாட்டியபோது முகம் சுளித்தார்கள். போதலேர் மாதிரியான வாசகருக்குக்கூட கிரான்வில் பிடிக்கவில்லை. இலக்கிய நோய் பிடித்த மூளை, படைப்பைத் திருத்தி எழுதியே ஆயுளைக் கழித்தவர் என்று கடிந்துகொண்டார். அதோடு ஒரு வாக்குமூலமும் தந்தார்: மேலோட்டமானவர்கள் இவரைப் பார்த்துச் சிரிக்கலாம், எனக்கு இவர் பயம் தருகிறார் என்று. விமர்சகர்கள் திட்டும்போது சொல்லிவிடுகிற உண்மை பாராட்டும்போது வராது.

வீட்டுக்குள் நடந்தது வேறு. 1833இல் அவர் தம் உறவுப் பெண் ஆன்ரியெத்தை மணந்துகொண்டார். மூன்று ஆண் குழந்தைகள். ஒருவன் பின் ஒருவனாக மூன்று பேரும் இறந்தார்கள். ஒரு பிள்ளை ரொட்டித் துண்டு தொண்டையில் அடைத்துப் பெற்றவர்களின் கண்முன்னால் போனான். மூன்றாவது பிள்ளை பிறந்த கொஞ்ச நாளில், 1842இல், மனைவியும் போனாள். 'வேறோர் உலகம்' வரையப்பட்டது இதற்குப் பிறகு என்பதை மனதில் வைத்துக்கொண்டு அந்தச் சனியின் தாழ்வாரத்தைத் திரும்பப் பார்க்கலாம். 1843இல் மறுமணம் செய்துகொண்டார்; 1845இல் இன்னொரு மகன் பிறந்தான். முதல் மனைவியின் பிள்ளைகளில் மிஞ்சியிருந்த ஒருவனும் 1847 தொடக்கத்தில் இறந்தான்.

அந்தக் கடைசி மாதங்களிலும் அவர் கை நிற்கவில்லை. 'உயிர்பெற்ற மலர்கள்' 1847இல் வந்தது. மலர்கள் பெண்களாகிப் பூமியில் நடக்கிற புத்தகம், கையால் வண்ணம் தீட்டிய படங்கள், நன்றாக விற்றது. அழகான படங்கள்தான். ஆனால் நகத்தை வெட்டிவிட்ட பூனை போல் இருக்கும். உண்மையான கிரான்வில் அந்த நாளில் வேறோர் இடத்தில் இருந்தார். 'மகசான் பித்தொரெஸ்க்' பத்திரிகையின் ஆசிரியர் எதுவார் ஷார்தோனுக்கு இரண்டு கனவுகளை வரைந்து, அவற்றை விளக்கிக் கடிதமும் எழுதியனுப்பினார். ஒன்றில் வானத்துப் பிறை காளானாகிறது, காளான் குடையாகிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றாக உருமாறிக்கொண்டே போய்க் கடைசியில் நட்சத்திரங்களை நோக்கி ஓடும் தேராகிறது. மற்றது கொலை செய்தவனின் கனவு. ஒரு கண் அவனைத் துரத்துகிறது. பெரிதாகிக்கொண்டே வருகிறது. அவன் தண்ணீரில் விழும்போது அந்தக் கண்ணே மீனாகிப் பின்னால் நீந்தி வருகிறது.

இந்த இரண்டு படங்களும் அச்சாகி வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1847 மார்ச் 17ஆம் தேதி, பாரிசை அடுத்த வான்வில், மனநோயாளிகளைக் கவனிக்கும் ஒரு தனியார் மருத்துவமனையில் இறந்தார். வயது 43. உடனே கதை கட்டினார்கள்: அப்படியெல்லாம் வரைந்தவனுக்குப் பைத்தியம் பிடிக்காமல் என்ன செய்யும், ஒரே இரவில் தலை நரைத்துவிட்டது, படங்கள்தான் அவரைக் கொன்றன என்று. பிற்கால ஆய்வாளர்கள் இதை அவ்வளவாக நம்புவதில்லை. கடுமையான தொண்டை நோய் என்று சொல்பவர்கள் உண்டு. நான்கு மரணங்களைச் சுமந்த மனிதன் நோயில் விழுவதற்குப் படங்கள் காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் படத்தைச் செயல் என்று சொன்ன சமூகத்துக்கு, படம் தன்னை வரைந்தவனையே கொன்றது என்று சொல்வதும் சுலபமாக வந்துவிட்டது.

செத்த பிறகு பென்சிலுக்கு நல்ல காலம் வந்தது. லா ஃபோன்தேனுக்கு 1867இல் கிரேட் ஸ்டாராகிவிட்ட குஸ்தாவ் தோரே பிரமாண்டமாகப் படம் வரைந்தார். அப்போதும் கிரான்வில்லின் பதிப்பு மறையவில்லை. துரத்தும் கண்ணின் படத்தை ஜார்ஜ் பத்தாய் 1929இல் தேடியெடுத்து அச்சிட்டார். 'வேறோர் உலகம்' 1963இல் மறுபதிப்பு கண்டபோது அதற்கு முகப்புப் படம் வரைந்து கொடுத்தவர் மாக்ஸ் எர்ன்ஸ்ட். சர்ரியலிஸ்டுகள் தங்கள் பாட்டனாரைக் கண்டுபிடித்தாகிவிட்டது. 1991இல் இங்கிலாந்தின் குவீன் இசைக்குழு 'இன்னுவெண்டோ' ஆல்பத்தை வெளியிட்டது. அட்டையில் கோள்களை வீசிப் பிடிக்கும் அதே விதூஷகன். ஃப்ரெடி மெர்குரியின் குரலுக்காக அதை வாங்கிய லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு 1844 தெரியும்? தெலோர் எழுதியதில் ஒரு வரிகூட அந்த அட்டைக்குத் தேவைப்படவில்லை.

கிரான்வில்லைப் பாரிசின் கிழக்கே சேன் மாந்தேயில் முதல் மனைவியும் பிள்ளைகளும் கிடக்கும் இடத்தில் புதைத்தார்கள். கல்லறைக்கான வாசகத்தை அவரே எழுதி வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் உயிர் கொடுத்தவன் இங்கே கிடக்கிறான், கடவுளுக்கு அடுத்தபடியாக எல்லாவற்றையும் வாழவும் பேசவும் நடக்கவும் வைத்தவன், தன் வழியை மட்டும் அவனுக்கு நடக்கத் தெரியவில்லை என்பது அதன் சாரம். 'வழி' என்பதற்கு அவர் போட்ட பிரெஞ்சுச் சொல்லுக்குப் பாதை என்றும் பொருள், வாழ்க்கையில் முன்னுக்கு வருவது என்றும் பொருள். மூல வாசகத்தில் அவர் பேனாவைத்தான் எடுத்திருக்கிறார்; படம் எதுவும் வரையவில்லை.